பின்சக்கரம் வரை ஒரே சீராக

1961ஆம் ஆண்டு மெட்ராஸில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 'ஹெரால்டு' காரைத் தயாரிக்கத் தொடங்கியது. அன்று இந்தியச் சாலைகளில் பரவலாக ஓடிய அம்பாசிடரிலும் ஃபியட்டிலும் பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே இரும்பு அச்சின் இரு முனைகளில் இருந்தன. ஹெரால்டு அப்படியில்லை. இடது சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் அது இடது சக்கரத்தோடு போயிற்று. வலது சக்கரம் தன்பாட்டுக்கு உருண்டது. பத்தாண்டு கழித்து அதே நிறுவனம் அதே காரை உருமாற்றி 'கஸல்' என்று வெளியிட்டபோது, பின்பக்கம் பழைய ஒற்றை அச்சுக்கே திரும்பிவிட்டது.

முன்னேறிய ஓர் அமைப்பைக் கையில் வைத்துக்கொண்டே ஒரு தொழிற்சாலை பின்வாங்கியது ஏன்? வாங்கியவர்களில் பலருக்கும் மெக்கானிக்குகளுக்கும் ஹெரால்டின் பின்பகுதி பிடிக்கவில்லை. காரணத்தைத் தேடிப் போனால் ஒரு மூட்டில் போய் நிற்போம். டிஃப்ரன்ஷியலிலிருந்து சக்கரத்துக்குச் செல்லும் தண்டில் ஒரு பக்கத்துக்கு ஒரு மூட்டுதான் இருந்தது. இரண்டு இருந்திருக்க வேண்டும். இரண்டும் நல்ல மூட்டுகளாக இருந்திருக்க வேண்டும். அப்படிப்பட்ட மூட்டு அன்று மலிவாகக் கிடைக்கவில்லை.

இந்தத் தண்டைப் பட்டறைகளில் ஆக்சில் என்பார்கள். அரைத்தண்டு என்று இங்கே சொல்லிக்கொள்வோம். எஞ்சின் முன்னால் இருந்து பின்சக்கரம் இழுக்கும் காரில், கியர்பாக்ஸிலிருந்து நீளவாக்கில் வரும் புரொப்பல்லர் ஷாஃப்ட் டிஃப்ரன்ஷியலில் முடிகிறது. அங்கே சுழற்சி தொண்ணூறு பாகை திரும்பி, வேகம் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காகக் குறைந்து, இடமும் வலமுமாகப் பிரிகிறது. வேகம் குறைந்தால் முறுக்குவிசை கூடும். புரொப்பல்லர் ஷாஃப்டில் வருவதைப் போல நான்கு மடங்கு முறுக்கு இரண்டாகப் பங்கிடப்படுவதால், ஒவ்வோர் அரைத்தண்டும் அதைவிட இரு மடங்கு முறுக்கைத் தாங்குகிறது. மெதுவாகச் சுற்றுகிறது, ஆனால் கடுமையாக முறுக்கப்படுகிறது. இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அம்பாசிடரின் அச்சில் இந்தத் தண்டுக்கு வேலை எளிது. டிஃப்ரன்ஷியலும் இரு தண்டுகளும் ஒரே உறைக்குள் இருக்கின்றன. சக்கரம் ஏறினால் உறை முழுவதும் ஏறும். உள்ளே தண்டு வளையத் தேவையே இல்லை. வலுவானது, மலிவானது, லாரிகளில் இன்றும் இதுதான். ஆனால் சக்கரத்தோடு சேர்ந்து டிஃப்ரன்ஷியலின் முழு எடையும் ஸ்பிரிங்குக்குக் கீழே குதிக்கிறது. குண்டும் குழியுமான சாலையில் அந்த எடை கீழிருந்து வண்டியைக் குத்துகிறது. சக்கரம் தரையை விட்டு எழும்புகிறது. எழும்பிய சக்கரத்துக்குப் பிடிமானம் கிடையாது.

டிஃப்ரன்ஷியலை வண்டியின் உடலோடு இறுக்கிவிட்டுச் சக்கரங்களை மட்டும் ஏறி இறங்க விட்டால் இந்தக் குறை தீரும். அப்படிச் செய்த அந்தக் கணமே அரைத்தண்டின் மேல் மூன்று கட்டளைகள் விழுகின்றன: வளைய வேண்டும், நீண்டு சுருங்க வேண்டும், இவற்றுக்கு நடுவே சுழற்சி துளியும் பிசகாமல் சக்கரத்துக்குப் போக வேண்டும். இருபதாம் நூற்றாண்டில் பின்சக்கர வண்டிகளின் சஸ்பென்ஷன் வரலாறு பெரும்பாலும் இந்த மூன்றையும் ஒன்றாக நிறைவேற்ற முடியாமல் தவித்த வரலாறு என்றே நான் கருதுகிறேன்.

முதல் தப்பிப்பு வழி, மூட்டுகளின் எண்ணிக்கையைக் குறைப்பது. தண்டின் உள்முனையில் ஒரு மூட்டு. வெளிமுனையில் சக்கரம் தண்டோடு விறைப்பாக இணைந்திருக்கும். டிஃப்ரன்ஷியல் பக்கத்தைக் கீலாகக் கொண்டு தண்டும் சக்கரமும் ஒன்றாக ஊசலாடும். நீளம் மாறாது, ஒரு மூட்டின் செலவோடு முடிந்தது. ஹெரால்டில் இருந்தது இதுதான். ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரும் 1960களின் பிற்பகுதி வரை இப்படித்தான் ஓடியது. அமெரிக்காவில் 1960ல் வந்த ஷெவர்லே கார்வேரும் இதே வகை.

சக்கரம் தண்டோடு விறைத்து நிற்பதால், தண்டு எந்தக் கோணத்தில் சாய்கிறதோ அந்தக் கோணத்தில் சக்கரமும் சாயும். நான்கு பேர் ஏறி உட்கார்ந்தால் பின்சக்கரங்களின் மேல்பகுதி உள்ளே சாயும், டயர் உள்விளிம்பில் தேயும். ஆள் இறங்கி வண்டி உயர்ந்தால் எதிர்ப்பக்கம் சாயும். அதைவிட ஆபத்தானது வேகமான வளைவில் நடப்பது. வெளிப்பக்கச் சக்கரத்தைத் தரை உள்நோக்கித் தள்ளுகிறது. அந்தத் தள்ளல் மூட்டின் வழியே வண்டியின் பின்பகுதியை மேலே தூக்குகிறது. உடல் தூக்கப்பட்டதும் சக்கரம் அடியில் மடங்குகிறது. மடங்கியதும் இன்னும் தூக்குகிறது. பிடிமானம் திடீரென்று அறுகிறது. ரால்ஃப் நேடர் 1965ல் எழுதிய 'அன்சேஃப் அட் எனி ஸ்பீட்' நூலின் முதல் அத்தியாயம் கார்வேரின் இந்தக் குணத்தைப் பற்றியது. அந்த நூல் வெளிவந்த நேரத்தில், 1965ஆம் ஆண்டு மாடல் கார்வேரில் ஷெவர்லே ஏற்கெனவே அமைப்பை மாற்றியிருந்தது: ஒவ்வோர் அரைத்தண்டிலும் இரண்டு மூட்டுகள்.

வெளிமுனையிலும் ஒரு மூட்டை வைத்தால் சக்கரம் எப்படி நிற்க வேண்டும் என்பதைத் தண்டு தீர்மானிக்காது. சஸ்பென்ஷன் கைகள் தீர்மானிக்கும். இது பெரிய விடுதலை. ஆனால் என்ன மூட்டு?

கையருகே இருந்தது யு ஜாயின்ட். லாரியின் அடியில் குனிந்து பார்த்த எவருக்கும் தெரிந்தது: இரண்டு கவைகள், நடுவில் கிராஸ் எனப்படும் சிலுவைத் துண்டு. பதினாறாம் நூற்றாண்டு இத்தாலியக் கணித அறிஞர் கார்டானோவின் பெயரையும், பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலேய விஞ்ஞானி ராபர்ட் ஹூக்கின் பெயரையும் அது சுமக்கிறது. ஹூக் இதை ஆராய்ந்து ஓர் உண்மையைக் கண்டார்: ஓட்டும் தண்டு சீராகச் சுழன்றாலும், கோணத்தில் நிற்கும் மறுதண்டு சீராகச் சுழல்வதில்லை. ஒரு சுற்றுக்குள் இரண்டு முறை முந்துகிறது, இரண்டு முறை பிந்துகிறது. அவர் இதைக் குறையாக மட்டும் பார்க்கவில்லை. சூரியக் கடிகாரத்தின் நிழலும் இதே விதத்தில்தான் சீரற்று நகர்கிறது. எனவே அந்த நகர்வைப் பின்தொடர இந்த மூட்டைப் பயன்படுத்தலாம் என்று காட்டினார். எனக்கு மிகவும் பிடித்த கண்டுபிடிப்புகளில் அது ஒன்று.

ஏன் சீராகச் சுழல்வதில்லை? கிராஸின் ஒரு கை ஓட்டும் தண்டின் கவையில் மாட்டியிருக்கிறது. அது அந்தத் தண்டுக்குச் செங்குத்தான வட்டத்தில் சுற்றுகிறது. மற்றொரு கை மறுதண்டுக்குச் செங்குத்தான வட்டத்தில் சுற்றுகிறது. தண்டுகள் கோணத்தில் இருப்பதால் இரண்டு வட்டங்களும் ஒன்றுக்கொன்று சாய்ந்திருக்கின்றன. சாய்ந்த வட்டத்தை நேரே நின்று பார்த்தால் நீள்வட்டமாகத் தெரியும். வட்டத்தில் சம இடைவெளியில் வைத்த புள்ளிகள் அந்த நீள்வட்டத்தில் சம கோணங்களில் விழமாட்டா. சில இடத்தில் நெருங்கும், சில இடத்தில் விலகும். அந்த நெருக்கமும் விலகலுமே வேகத்தின் ஏற்ற இறக்கம்.

எவ்வளவு என்பது கோணத்தைப் பொறுத்தது. 10 பாகையில் இருபுறமும் ஒன்றரை சதவீதம்தான். 20 பாகையில் ஆறு சதவீதத்தைத் தாண்டுகிறது. 30 பாகையில் ஓட்டும் தண்டு நிமிடத்துக்கு 1000 சுற்று ஓடினால், மறுதண்டு 866க்கும் 1155க்கும் இடையே அலைகிறது. நடுத்தரக் கார் ஒன்று 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது சக்கரம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 525 சுற்று சுற்றும். சுற்றுக்கு இரண்டு முறை என்றால் நொடிக்குப் பதினேழு, பதினெட்டு துடிப்பு. இருக்கையில் உட்கார்ந்தவரின் உடம்பு நன்றாக உணரக்கூடிய அதிர்வு இது.

மருந்தையும் ஹூக்கே 1683ல் சொல்லிவிட்டார். ஒரு மூட்டு செய்யும் பிசகை இன்னொரு மூட்டைக் கொண்டு எதிர்த்திசையில் செய்ய வைத்தால் இரண்டும் கழிந்துவிடும். நடுத்தண்டின் இரு கவைகளும் ஒரே தளத்தில் இருக்க வேண்டும். இரு மூட்டின் கோணங்களும் சமமாக இருக்க வேண்டும். புரொப்பல்லர் ஷாஃப்டைக் கழற்றி மாட்டும்போது கவைகளை மாற்றிப் பொருத்தினால் வண்டி நடுங்குவது இதனால்தான். குறியிட்டுக் கழற்று என்று பெரிய மெக்கானிக்குகள் பையன்களுக்குச் சொல்வதும் இதனால்தான்.

அரைத்தண்டிலும் இரண்டு யு ஜாயின்ட் வைத்தால் போதாதா? 1961ல் வந்த ஜாகுவார் ஈ-டைப், 1963ல் வந்த கார்வெட் ஸ்டிங் ரே இரண்டும் அப்படித்தான் செய்தன. இன்னும் ஒரு படி மேலே போய், நீளம் மாறாத அரைத்தண்டையே சஸ்பென்ஷனின் மேல்கையாகவும் பயன்படுத்தின. சிக்கனமான, அழகான தீர்வு. அதை நான் குறை சொல்லமாட்டேன். கோணங்கள் சிறியவை என்பதால் அதிர்வும் தாங்கும் அளவில் இருந்தது. ஆனால் முறுக்கையும் சுமந்து, வளைவில் வரும் பக்கவாட்டு விசையையும் சுமக்க வேண்டிய நிலை தண்டுக்கு. மூட்டு தேய்ந்தால் சக்கரமே ஆடத் தொடங்கும். சக்கரத்தின் பாதையைத் தண்டின் நீளம் கட்டிப்போட்டது. வடிவமைப்பாளர் விரும்பியபடி கைகளை வைக்க முடியவில்லை.

தண்டு கையாக இருக்க வேண்டாம் என்றால் அது நீண்டு சுருங்கியாக வேண்டும். எவ்வளவு? அரை மீட்டர் தண்டு, சக்கரம் 80 மில்லிமீட்டர் நேர்மேலே ஏறுகிறது என்று கொள்வோம். தண்டு ஒன்பது பாகை சாய்கிறது. தேவைப்படும் கூடுதல் நீளம் ஆறு மில்லிமீட்டருக்குச் சற்று மேல். சக்கரம் முன்பின்னாகவும் நகர்ந்தால் இன்னும் கூடும். கேட்பதற்கு அற்பமான அளவு. இதற்காகத் தண்டை இரண்டாக வெட்டி, ஒன்றுக்குள் ஒன்று சறுக்கும் பல்வரிசைக் குழாயாக, அதாவது ஸ்ப்லைனாகச் செய்தார்கள். 1965ல் வந்த டிரையம்ஃப் டி.ஆர்.4ஏ, அதன் பிறகு டி.ஆர்.6 வரை இந்த அமைப்புதான்.

இங்கே ஒரு கணக்கு போட்டுப் பார்ப்பது நல்லது. தண்டில் 400 நியூட்டன் மீட்டர் முறுக்கு. இரண்டாம் கியரில் நன்றாக அழுத்தினால் வரக்கூடியதுதான். ஸ்ப்லைனின் ஆரம் 15 மில்லிமீட்டர். பற்கள் ஒன்றையொன்று அழுத்தும் விசை 26,000 நியூட்டனைத் தாண்டுகிறது. கிரீஸ் இட்ட எஃகின் உராய்வை அதில் பத்தில் ஒரு பங்கு என்று குறைவாகவே வைத்தாலும், அந்தத் தண்டைச் சறுக்க வைக்க 2,600 நியூட்டனுக்கு மேல், கிட்டத்தட்ட 270 கிலோ எடையளவு இழுக்க வேண்டும். அதாவது ஆக்சிலரேட்டரை மிதித்திருக்கும்வரை தண்டு சறுக்காது, பூட்டிக்கொள்ளும். சஸ்பென்ஷன் விறைக்கும். வளைவின் நடுவில் காலை எடுத்ததும் பூட்டு விடும்; தண்டு சடாரென்று தன் நீளத்துக்குப் போகும்; வண்டியின் பின்பகுதி ஒரு துள்ளு துள்ளும். இந்த டிரையம்ஃப் கார்களை ஓட்டியவர்களுக்கு அந்தத் துள்ளல் நன்றாகத் தெரியும். ஆறு மில்லிமீட்டர் அற்பமில்லை என்பது அங்கே தெரிந்தது.

லோட்டஸ் நிறுவனத்தின் காலின் சாப்மன் 1962ல் எலான் காரில் வேறு வழியில் போனார். மூட்டே வேண்டாம், தடித்த ரப்பர் வளையம் போதும். தண்டின் இரு முனையிலும் ரோட்டோஃப்ளெக்ஸ் எனப்படும் ரப்பர் வளையங்கள். ஒரு பக்கம் மூன்று போல்ட், மறுபக்கம் மூன்று போல்ட். ரப்பர் வளைந்து கொடுத்தது, நீண்டு கொடுத்தது, சத்தமில்லை, கிரீஸ் வேண்டாம். ஆனால் ரப்பர் முறுக்கையும் சேமித்துவைத்துத் திருப்பிக் கொடுத்தது. கிளட்சை விடும்போது வளையங்கள் முறுக்கிக்கொண்டு பிறகு அவிழும். வண்டி தவ்வித் தவ்விப் புறப்படும். நாள்பட்டால் வெடிப்பு விடும். இன்று உலகெங்கும் எலான் வைத்திருப்பவர்களில் பலர் அந்த ரப்பரை எடுத்துவிட்டு சி.வி. ஜாயின்ட், அதாவது கான்ஸ்டன்ட் வெலாசிட்டி எனப்படும் சீர்வேக மூட்டு, பொருத்திய தண்டுகளை மாட்டியிருக்கிறார்கள்.

சி.வி. ஜாயின்டின் தத்துவத்தை ஒரு கண்ணாடியை வைத்து விளக்கலாம். இரண்டு தண்டுகள் ஒரு கோணத்தில் சந்திக்கின்றன. அந்தக் கோணத்தைச் சரிபாதியாகப் பிரிக்கும் தளத்தில் ஒரு நிலைக்கண்ணாடி நிற்பதாகக் கொள்ளுங்கள். இந்தப் பக்கத் தண்டின் பிம்பம் அந்தப் பக்கத் தண்டோடு அச்சு மாறாமல் பொருந்தும். இப்போது ஒரு தண்டிலிருந்து மற்றதற்கு விசை கைமாறும் புள்ளி எப்போதும் அந்தக் கண்ணாடித் தளத்திலேயே இருக்கிறது என்றால், அது இரு தண்டின் அச்சிலிருந்தும் சம தூரத்தில் இருக்கும். ஒரே புள்ளி, எனவே ஒரே நேர்வேகம். அச்சிலிருந்து ஒரே தூரம், எனவே ஒரே சுழல்வேகம். எந்த நொடியிலும் வித்தியாசம் வர வழியில்லை. யு ஜாயின்டில் கிராஸ் அந்தத் தளத்துக்கு இருபுறமும் மாறிமாறிச் சாய்கிறது, கோளாறு அங்கேதான்.

ஆக வேலை ஒன்றே ஒன்று: விசை கைமாறும் இடத்தைப் பாதிக்கோணத் தளத்தில் பிடித்துவைப்பது. 1920களில் இதைப் பலர் ஏறக்குறைய ஒரே நேரத்தில் சாதித்தார்கள். பிரான்சில் பியேர் ஃபெனாயும் ழான் ஆல்பேர் கிரெகுவாரும் டிராக்டா மூட்டைச் செய்து, அதே பெயரில் முன்சக்கரம் இழுக்கும் கார்களையும் கட்டினார்கள். அமெரிக்காவில் ஆல்ஃபிரட் ரிசெப்பா எஃகுக் குண்டுகளைக் கொண்டு ஒரு மூட்டைச் செய்தார். கார்ல் வைஸ் இன்னொரு வகையைச் செய்தார். இரண்டாம் உலகப் போரின் ஜீப்புகளில் முன் அச்சுகளைத் திறந்து பார்த்தால் பெரும்பாலும் இம்மூன்று வகை மூட்டுகளில் ஏதாவது ஒன்று இருக்கும். போருக்குப் பிறகு நிலைத்தது ரிசெப்பாவின் வழி. 1959ல் அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மினி அதை லட்சக்கணக்கில் உற்பத்தியாகும் பொருளாக்கியது.

ரிசெப்பா மூட்டில் கிண்ணம் போன்ற வெளிப்பகுதி, அதனுள் உருண்டையான உள்பகுதி, இரண்டிலும் நீளவாக்கில் ஆறு வளைந்த பள்ளங்கள், பள்ளத்துக்கு ஒன்றாக ஆறு குண்டுகள், குண்டுகளை ஒரே தளத்தில் வரிசைப்படுத்தும் கூண்டு. வெளிப்பள்ளத்தின் வளைவு மையம் மூட்டின் மையத்துக்கு ஒரு பக்கம் தள்ளியிருக்கும். உள்பள்ளத்தின் மையம் அதே அளவு மறுபக்கம். இதனால் எதிரெதிர்ப் பள்ளங்கள் ஒரு முனையில் அகன்று மறுமுனையில் குறுகுகின்றன. தண்டு சாயும்போது இந்தக் குறுகல் குண்டுகளைப் பிடித்துத் தள்ளிப் பாதிக்கோணத் தளத்துக்கே கொண்டுவந்து நிறுத்துகிறது. ஒரு நெம்புகோலும் இல்லை, ஸ்பிரிங்கும் இல்லை; வடிவம் மட்டுமே. 47 பாகை, புதிய வகைகளில் 50 பாகை வரை வளைந்தபடி சீராகச் சுழலும்.

ஆனால் இந்த மூட்டு நீளாது. முன்சக்கரத்துக்குத்தான் ஸ்டீயரிங் திரும்பும் அளவுக்குப் பெரிய கோணம் வேண்டும். பின்சக்கரம் திரும்புவதில்லை; அங்கே பெரும்பாலும் பத்துப் பதினைந்து பாகைக்குள் காரியம் முடிகிறது. அங்கே அவசரத் தேவை நீளம். ஆகவே பின்பக்க அரைத்தண்டுக்கு இன்னொரு மூட்டு உருவாயிற்று. என் மதிப்பில், இந்த முழுக் குடும்பத்திலும் நுட்பமானது அதுதான்.

அதில் பள்ளங்கள் நீளவாக்கில் நேராக ஓடுவதில்லை, சாய்ந்து ஓடுகின்றன. உள்வளையத்தின் பள்ளம் ஒரு பக்கம் சாய்ந்தால், அதன்மேல் வரும் வெளிவளையத்தின் பள்ளம் எதிர்ப்பக்கம் சாயும். இரண்டும் பெருக்கல் குறியாகக் குறுக்கிடும் இடத்தில் குண்டு உட்கார்ந்திருக்கிறது. ஒரு குண்டு இரண்டு பள்ளத்திலும் இருக்க வேண்டுமானால் அது குறுக்கீட்டில்தான் இருக்க முடியும். தண்டு வளைந்தால் எல்லாக் குறுக்கீடுகளும் தாமாகப் பாதிக்கோணத் தளத்தில் போய் அமைகின்றன. தண்டு பத்து மில்லிமீட்டர் வெளியே இழுபட்டால் குறுக்கீடு ஐந்து மில்லிமீட்டர் நகர்கிறது. குண்டும் ஐந்து மில்லிமீட்டர் உருள்கிறது.

உருள்கிறது என்ற இந்த ஒரு சொல்லில்தான் டிரையம்ஃபின் துள்ளலுக்கு விடை இருக்கிறது. ஸ்ப்லைனில் பல்லோடு பல் சறுக்கியது. முறுக்கு ஏற ஏறப் பூட்டிக்கொண்டது. இங்கே முறுக்கு எவ்வளவு ஏறினாலும் குண்டு பெருமளவு உருண்டு போவதால் நீளம் மாறுவதற்குத் தடை மிகக் குறைவு. ஆக்சிலரேட்டர் மிதிபட்டிருந்தாலும் சஸ்பென்ஷன் தன் வேலையைச் செய்கிறது. 1960களின் இறுதியில் ஃபோக்ஸ்வாகன் தன் பீட்டிலின் ஊசல் அச்சை விட்டுவிட்டு ஒரு பக்கத்துக்கு இரண்டாக நான்கு சி.வி. ஜாயின்ட்களைப் பின்பக்கம் வைத்தது. 1969ஆம் ஆண்டு மாடலில் அமெரிக்காவுக்குச் சென்ற பீட்டில்கள் எல்லாம் இப்படித்தான். போர்ஷெவும் பிஎம்டபிள்யூவும் அதே பாதையில் வந்தன. கையின் நீளம், கீலின் கோணம், சக்கரம் எவ்வளவு சாய வேண்டும் என்பதையெல்லாம் தண்டைக் கேட்காமல் முடிவு செய்யும் சுதந்திரம் வடிவமைப்பாளருக்கு அப்போதுதான் கிடைத்தது. இன்றைய பின்சக்கரக் கார்களின் ஐந்து கை சஸ்பென்ஷன்களெல்லாம் அந்தச் சுதந்திரத்தின் மேல் நிற்கின்றன.

நீளும் மூட்டில் இன்னொன்று டிரைபாட். தண்டின் முனையில் 120 பாகை இடைவெளியில் மூன்று உருளைகள். அவை ஒரு குவளையின் மூன்று நேர்ப்பள்ளங்களில் ஓடுகின்றன. பிரான்சின் கிளென்சர் ஸ்பைசர் நிறுவனத்தில் மிஷெல் ஒரேன் உருவாக்கியது. செய்வது எளிது, 50 மில்லிமீட்டர் வரை நீளும். நம் ஊரில் ஓடும் முன்சக்கரக் கார்களில் உள்பக்க மூட்டாக இந்த வகை பரவலாக இருக்கிறது. கணிதக் கண்ணோடு பார்த்தால் இது முழுச் சீரானதல்ல. வளைந்து சுழலும்போது உருளைகளின் மையம் சுற்றுக்கு மூன்று முறை ஒரு சிறு வட்டமிடுகிறது. வேக வித்தியாசம் புறக்கணிக்கத்தக்கது; ஆனால் கோணம் அதிகமாக இருக்கும்போது முழு வேகத்தில் மிதித்தால் அச்சுவழியே சுற்றுக்கு மூன்று தடவை தள்ளல் உண்டாகி, வண்டி பக்கவாட்டில் நடுங்கும். டயர் பேலன்ஸ் பார்த்தும் போகாத, மிதித்தால் வந்து காலை எடுத்தால் மறையும் நடுக்கத்துக்கு உள்மூட்டைச் சந்தேகிக்க வேண்டும்.

தண்டின் நடுப்பகுதியைப் பற்றிச் சுருக்கமாக. அது வெறும் கம்பியல்ல, முறுக்கு ஸ்பிரிங்கும்கூட. சறுக்கும் சக்கரம் பிடித்து விட்டு, பிடித்து விட்டு முறுக்கினால் இரு தண்டுகளும் ஒரே லயத்தில் அதிரத் தொடங்கி வண்டியின் பின்பகுதி தத்தும். ஆற்றல் மிகுந்த சில கார்களில் இடதுதண்டும் வலதுதண்டும் வேண்டுமென்றே வெவ்வேறு பருமனில் செய்யப்படுவது இந்த லயத்தை உடைப்பதற்காக.

மின்கார்கள் வந்த பிறகு பின்பக்க அரைத்தண்டுக்கு மறுவாழ்வு வந்திருக்கிறது. மோட்டாரைப் பின் அச்சருகே வைப்பது எளிது. புரொப்பல்லர் ஷாஃப்டே வேண்டாம். 2023 முதல் ஸ்ரீபெரும்புதூரில் பொருத்தப்பட்டு விற்பனைக்கு வந்த ஹூண்டாய் ஐயோனிக் 5, 2024ல் அறிமுகமான மகிந்திரா பி.ஈ. 6 இரண்டிலும் இழுப்பவை பின்சக்கரங்கள். மூட்டின் மீது புதிய பாரமும் விழுந்திருக்கிறது. மின்மோட்டார் நின்ற நிலையிலிருந்தே முழு முறுக்கையும் தருகிறது. காலை எடுத்ததும் அதே மோட்டார் ஜெனரேட்டராகி எதிர்த்திசையில் முறுக்குகிறது. நகரப் போக்குவரத்தில் இந்தத் திசைமாற்றம் ஓயாமல் நடக்கும். ஒவ்வொரு முறையும் குண்டு பள்ளத்தின் ஒரு சுவரை விட்டு எதிர்ச்சுவரில் போய் உட்காரும். எஞ்சின் இரைச்சலில் மறைந்துபோன மெல்லிய 'டொக்' இப்போது கேட்கிறது. அதனால் இடைவெளிகளை இன்னும் நெருக்கிச் செய்ய வேண்டியிருக்கிறது. ஐயோனிக் 5 போன்ற கார்களுக்கான அடித்தளத்தில் ஹூண்டாய் வெளிமூட்டையும் சக்கர பேரிங்கையும் ஒரே பொருளாகவே இணைத்துவிட்டது; இரண்டுக்கும் இடையே தளர ஓர் இணைப்பு குறைந்தது.

இத்தனை துல்லியமும் ஒரு துருத்தி ரப்பரின் கையில் இருக்கிறது என்பதை வாகனம் வைத்திருப்பவர்கள் பலர் அறிவதில்லை. தண்டு வளைந்து சுழலும்போது ஒவ்வொரு குண்டும் சுற்றுக்கு ஒரு முறை தன் பள்ளத்தில் முன்னும் பின்னும் போய் வருகிறது. 60 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு ஒன்பது முறை, மாபெரும் அழுத்தத்தின் கீழ். அங்கே எஃகை எஃகிலிருந்து பிரித்துவைப்பது மாலிப்டினம் டைசல்ஃபைடு கலந்த தனிவகைக் கிரீஸ். அதை உள்ளே நிறுத்துவதும், மண்ணையும் தண்ணீரையும் வெளியே நிறுத்துவதும் பூட் என்கிற அந்தத் துருத்தி. அது கிழிந்தால் சுழற்சியே கிரீஸை வெளியே வீசிவிடும். மழைநாளில் நீரும் மணலும் உள்ளே போகும். மூட்டை வழவழப்பாக வைத்திருந்த மிச்சக் கிரீஸ் மணலோடு சேர்ந்து அரம்போலத் தேய்க்கும்.

முன்சக்கரத்தில் மூட்டு கெட்டால் ஸ்டீயரிங்கை ஒடித்துத் திருப்பும்போது கடகடவென்று சொல்லிவிடும். பின்சக்கரம் திரும்பாததால் அந்த எச்சரிக்கை பெரும்பாலும் வராது. கியர் மாற்றும்போது ஒரு தட்டு, வேகத்தில் ஓர் உறுமல் என்று வரும்போது மூட்டு முடிந்திருக்கும். சத்தத்துக்குக் காத்திராமல் கண்ணால் பார்ப்பதே பின்பக்கத்துக்குச் சரியான வழி.

உங்கள் கார் பின்சக்கரம் இழுப்பதாக இருந்து, அது ஒற்றை அச்சு இல்லாத வகை என்றால், சர்வீஸில் வண்டியைத் தூக்கும்போது இரு பக்கமும் உள்ளும் வெளியுமாக நான்கு பூட்களையும் டார்ச் அடித்துப் பாருங்கள். மடிப்புகளை விரலால் பிரித்துப் பார்க்க வேண்டும். வெடிப்பு மடிப்பின் அடியில்தான் தொடங்கும். சக்கர ரிம்மின் உட்புறத்திலோ சஸ்பென்ஷன் கையிலோ கறுத்த கிரீஸ் தெறித்திருந்தால் பூட் ஏற்கெனவே போய்விட்டது என்று பொருள். அன்றைக்கே பூட்டையும் கிளாம்ப்பையும் மாற்றி, பழைய கிரீஸை முழுக்கக் கழுவி, அந்த மூட்டுக்கு உரிய கிரீஸை உரிய அளவில் இடச் சொல்லுங்கள். கடையில் இருக்கும் சாதாரணச் சேசிஸ் கிரீஸை அப்பிவிட ஒப்புக்கொள்ளாதீர்கள். கிழிந்த சில நாட்களுக்குள் கவனித்தால் பூட்டோடு செலவு முடியும். விட்டுவிட்டால் முழு அரைத்தண்டையும் மாற்ற வேண்டும்.